தகட்டின் பின்பக்கம்

பூனை சோபாவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மணிச் சத்தம் மட்டும் வெளியே மாடிப்படியில் கேட்டது.

அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பூனையைப் பார்த்தான். கழுத்து மொட்டையாக இருந்தது. சிவப்புப் பட்டையைக் காணோம், அதில் தொங்கிய மணியைக் காணோம், அவனே வெட்டி மாட்டிய பித்தளைத் தகட்டையும் காணோம். எங்காவது கம்பியில் மாட்டிக் கழன்று விழுந்திருக்கும். கீழ்வீட்டுப் பிள்ளைகள் எடுத்து வைத்து ஆட்டிக்கொண்டிருக்கும். கீழ்வீட்டில் பிள்ளைகளே கிடையாது என்பது சற்றுத் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. அங்கே இருப்பது காது மந்தமான ஒரு கிழத் தம்பதியும், அவர்களுக்காகக் கத்தும் ஒரு டிவியும்தான்.

எல்லாம் இந்தப் பூனையால் வந்த தலைவலி. மனைவிக்கு அது பூனை இல்லை, 'சின்னவன்'. சின்னவன் சாப்பிட்டானா, சின்னவன் முகம் ஏன் வாடியிருக்கு. "அப்ப பெரியவன் யாரு, நானா?" என்று ஒருமுறை கேட்டான். "உங்களுக்கு ஏது அந்தக் கொடுப்பினை" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் குழந்தை இல்லை. அந்தக் குறையை நாலு கால் ஜந்து ஒன்றின் தலையில் கட்டிவிட்டு அவள் நிம்மதியாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் அது காணாமல் போனது. அவள் மருந்துக்கடை வேலைக்குக்கூடப் போகாமல் தெருத்தெருவாக அழுதுகொண்டு திரிந்தாள். அது தானாகவே, ஊர் சுற்றிய மைனர் மாதிரி, திரும்பி வந்தது. வந்ததும் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினாள், இவனையும் இழுத்துக்கொண்டு.

டாக்டர் ஏதோ பெரிய விஷயம் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு பேசினார். அரிசி அளவில் ஒரு சிப் இருக்கிறதாம். ஊசியால் தோலுக்கடியில் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் அங்கேயே இருக்குமாம். கருவியைக் காட்டினால் யார் வீட்டுப் பூனை என்று தெரிந்துவிடுமாம்.

"மனுஷனையே யாருன்னு கேக்க நாதி இல்ல. பூனைக்கு ஊசி போட்டு நம்பரா?" என்றான் அவன்.

"பட்டை போட்டா கழண்டு விழுந்துடும் சார். கழுத்த இறுக்கக் கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. விழுந்துட்டா உங்க பூனைன்னு எத வச்சுச் சொல்லுவீங்க?"

"கழுத்துல தகடு இருந்தா எங்க வீட்டுது. இல்லேன்னா தெருவுது. இதுல என்ன டாக்டர் பெரிய ஆராய்ச்சி?"

மனைவி பூனையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் பேசியதையெல்லாம் அவள் மனதில் முடிந்து வைத்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியும். அதற்காக அவன் கவலைப்பட்டதில்லை.

தகடு வெட்டுவதுதான் அவன் தொழில். வாசலில் மாட்டும் பெயர்த் தகடு, பரிசுக் கோப்பைத் தகடு, கல்லறைத் தகடு எல்லாம் அவன் வேலை செய்யும் கடையில் வெட்டப்படும். எழுத்துப் பிசகிவிட்டால் தகட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வேறு சின்ன வேலையைச் செய்துகொள்வார்கள். கல்லறைத் தகட்டை மட்டும் திருப்ப மாட்டார்கள். அதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, சுத்தியலால் எழுத்துத் தெரியாமல் நசுக்கி, பிறகுதான் பழைய பித்தளையோடு எடைக்குப் போடுவார்கள். முதலாளி மற்றதில் எப்படியோ, இதில் மகா கறார்.

பூனைக்கு நல்ல தகட்டை வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை. அந்த டப்பாவில் கையை விட்டான். ஒரு குழந்தையின் கல்லறைக்கு வெட்டி, இன்னும் நசுக்கப்படாத தகடு ஒன்று கிடைத்தது.

"அதத் திருப்பி வெட்டாத" என்றார் முதலாளி.

"ஏன் முதலாளி, செத்தது யாருன்னு பித்தளைக்குத் தெரியுமா?"

"எனக்கும்தான் ஒண்ணும் தெரியாது. நசுக்கிடு."

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அவன் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டான். ஒரு பக்கத்தில் யாரோ ஒரு பெயரின் வாலும், அதன் கீழே 'வயது மூன்று' என்பதும் மிச்சம் இருந்தன. பூனைக்கும் ஏறக்குறைய அதே வயதுதான், பொருத்தம் பிரமாதம் என்று சிரித்துக்கொண்டான். மறுபக்கத்தில், மனைவியின் கூத்தை அவளுக்கே காட்ட வேண்டுமென்று, நல்ல அழகான எழுத்தில் வெட்டினான்: 'இந்த வீட்டுப் பிள்ளை. வழியில் கண்டால் கொண்டுவந்து சேர்க்கவும்.' கீழே முகவரி. அவளுக்கு இடித்துக் காட்டியது உறைக்கவே இல்லை. படித்துவிட்டுக் கண் கலங்கினாள். அவனுக்குச் சீ என்று போய்விட்டது.

மணி மறுபடியும் கேட்டது.

அவன் எழுந்து கதவருகே போய் நின்றான். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாடிப்படி விளக்கு வழக்கம்போல எரியவில்லை. கீழ்வீட்டு டிவியின் சிரிப்பொலிக்கு நடுவில், மழைத் தண்ணீர் குழாயில் இறங்கும் சலசலப்புக்கு நடுவில், அந்தச் சின்ன மணி ஒரு படிக்கு ஒரு தரம் ஒலித்து நின்று, சற்று ஓய்ந்து, மறுபடி ஒலித்தது. பூனை இப்படி ஏறாது. பூனை படியில் ஓடும், மணி கலகலவென்று உதிரும். இது ஒரு காலைத் தூக்கி வைத்து, மறு காலையும் அதே படியில் கொண்டுவந்து சேர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி, அடுத்த படிக்குக் காலைத் தூக்கியது.

கதவிடுக்கில் வாசனை வந்தது. முதலில் பித்தளையைத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை, அவன் கையிலேயே எப்போதும் இருப்பது. அதற்கடியில் ஈர மண். பூந்தொட்டி மண் இல்லை. ஆழத்திலிருந்து தோண்டிய மண்.

பயமா, எனக்கா என்று தன்னையே நக்கலாகக் கேட்டுக்கொண்டான். கதவைத் திறக்க மட்டும் கை போகவில்லை.

திரும்பினான். பூனை விழித்திருந்தது. சீறவில்லை. முடி சிலிர்த்து, வயிறு தரையில் தேய, அவன் காலடிக்கு ஊர்ந்து வந்தது. இத்தனை நாளில் அது அவனிடம் வந்ததே இல்லை. அவனும் அதைத் தூக்கியதே இல்லை. இப்போது தூக்கினான். அதன் நெஞ்சு அவன் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது.

மணி கதவுக்கு வெளியே நின்றது.

கதவுத் துளையில் கண்ணை வைத்தான். யாருமில்லை. இருட்டு மட்டும். ஆனால் கதவில் ஏதோ பட்டது. டிக். உலோகம் மரத்தில் படும் சத்தம். டிக். துளைக்குக் கீழே. பூட்டுக்கும் கீழே. அவன் முழங்கால் உயரத்தில்.

தள்ளவில்லை. தட்டவில்லை. வந்து நிற்கிறது, அவ்வளவுதான். தானாக உள்ளே வராது என்று அவனுக்கு எப்படியோ புரிந்தது. யாராவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்படித்தானே வெட்டியிருந்தான்.

திறக்காமல் இருந்தால் போதும்.

அப்போது கீழே செருப்புச் சத்தம் கேட்டது. நனைந்த செருப்பு. அவனுக்குத் தெரிந்த நடை. மனைவி வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள்.

கத்த வேண்டும். வராதே, தொடாதே, கீழேயே இரு. என்ன சொல்லிக் கத்துவது? அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்ப்பார்கள். மணிச் சத்தத்துக்குப் பயந்தவன் என்று அவள் ஆயுள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த ஒரு கணம் அவன் வாயைத் திறக்கவில்லை.

"அட, இங்க உக்காந்து என்ன பண்ற?" வெளியே அவள் குரல். பூனையிடம் மட்டும் பேசும் குழைந்த குரல். "வெளிய விட்டுட்டாரா? ஐயோ, எப்படி நனஞ்சிருக்க பாரு. வா, வா. அம்மாகிட்ட வா."

"தூக்காத" என்றான். சத்தமே வரவில்லை.

மணி தரையிலிருந்து மேலே எழும்பியது. சாவி திரும்பியது.

கதவு திறந்தது. அவள் முந்தானையில் எதையோ சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். அதன் பாரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். பூனையை யாரும் இடுப்பில் வைப்பதில்லை. அவள் முகத்தில், கல்யாணமான நாளிலிருந்து அவன் பார்த்தே இராத ஒரு நிறைவு. கீழே சேற்றுக் கால்கள் இரண்டு தொங்கின.

அவன் கையிலிருந்த பூனையை நீட்டினான். "இது... இதுதான் சின்னவன்."

அவள் பூனையின் வெறும் கழுத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள், அவன் எப்போதும் அவளைப் பார்ப்பது போல, மேலிருந்து கீழாக.

"கழுத்துல தகடு இல்லேன்னா தெருவுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். "எங்கிருந்தோ ஒண்ணப் புடிச்சுட்டு வந்து நிக்கிறீங்க. வெளிய விடுங்க."

அவன் விடவில்லை. அவளே பிடுங்கி வெளியே போட்டுக் கதவைச் சாத்தினாள். அது கதவைப் பிறாண்டியது. கொஞ்ச நேரம் பிறாண்டியது. பிறகு இல்லை.

"துணி எடுத்துட்டு வரேன், தலையத் துவட்டிவிடலாம். அவனப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, சுமந்து வந்ததைச் சோபாவில், பூனை படுத்திருந்த அதே குழியில் இறக்கிவைத்தாள். விளக்கைக்கூடப் போடாமல் உள்ளே போனாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் தகடு மட்டும் மின்னியது. 'வயது மூன்று' என்ற பக்கம் மேலே இருந்தது. அவன் அசையவில்லை. அதுவும் அசையவில்லை. பிறகு சோபாக் குழியின் இருட்டிலிருந்து, நகத்தில் மண் அடைந்த சின்னக் கை ஒன்று மெல்ல மேலே வந்தது. தகட்டைத் திருப்பியது. அவன் வெட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தது.

பிறகு மணியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல், சோபாவிலிருந்து இறங்கியது.