குருசாமியின் மூன்று பிரதிகள்

முதலில் தெரிந்தவை இரண்டு கண்கள். அதுதான் துரைப்பாண்டிக்குப் பிடிபடவில்லை. சிவப்பு விளக்கின் கீழே, மருந்து நெடி மூக்கைப் பிடிக்க, தெருவெங்கும் தறிகள் கடகடக்க, படம் கழுவும் டெவலப்பர் தட்டில் மிதக்கும் தாளில் எப்போதும் தலைமுடிதான் முதலில் கறுத்து வரும். அப்புறம் மீசை, நாற்காலிக் கால், நிழல். செத்தவன் படத்தில் கருவிழிக்கு ஏது இடம்?

சங்கரன்கோவிலில் சாவு விழுந்த வீடுகளுக்கு ஸ்டுடியோ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் அவன். உடம்பை அதில் உட்காரவைத்து, மாலை போட்டுப் படம் எடுப்பான். பிறகு பிரதியில் வாய்க்கட்டுத் துணியையும் கால் பெருவிரல் கட்டையும் அழித்து, மூடிய இமைமேல் திறந்த கண்ணை வரைவான். நேற்றுக் காலை தறிக்காரர் குருசாமிக்கும் அப்படித்தான். "எப்பவும் பாக்குற மாதிரியே கண்ணை வரைஞ்சிருங்க அண்ணாச்சி" என்று ஊர் கேட்க அழுதாள் அவர் மனைவி ஆவுடையம்மாள். அதற்கு முந்தின இரவு அவர் பாலில் கலக்க, இந்த இருட்டறை மருந்து அலமாரியிலிருந்து அவளிடம் விஷப் பொட்டலம் மடித்துக் கொடுத்தவன் துரைப்பாண்டி. அவள் ஒருத்தியின் சிரிப்புக்காக.

மாரடைப்பு என்று ஊர் நம்பிவிட்டது. நேற்றே எரித்து, இன்று காலை சாம்பலும் கரைத்தாயிற்று. நம்பாதவர் ஒருவர்தான்: குருசாமியின் அண்ணன் சங்கரபாண்டியன், போலீஸ் ஏட்டு. நாலு மணிக்குப் படம் வாங்க வருகிறார். அதுவரை முகத்தை முகமாக வைத்திருந்தால் தப்பித்துவிடலாம். கண் வரைகிற வேலை மிச்சம் என்று தனக்கே சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

தாளைக் கிழித்துப் போட்டு இரண்டாவது பிரதி போட்டான். கண்கள் இப்போது நேராக இல்லை. படத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற ஆவுடையம்மாளை ஓரமாகப் பார்த்தன. மருந்து நெடியை மீறி வாடிய சம்பங்கி மணந்தது. நேற்றுப் பிணத்துக்குப் போட்ட மாலையில் இருந்த அதே சம்பங்கி. அவனுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது பிரதி. முடி கறுக்கவில்லை. மீசை கறுக்கவில்லை. நாற்காலி மட்டும். அதன்மேல் மாலை.

அப்போது கரண்ட் போனது. தறிகள் அத்தனையும் ஒரே மூச்சில் நின்றன. சிவப்பு விளக்கும் அணைந்தது. இருட்டறை வாசலில் தொங்கும் கறுப்புத் திரைக்குக் கீழே மட்டும் ஒரு சாண் வெளிச்சம். முன்னறைச் சன்னல் பலகைகள் வழியே வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்தது.

முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது. நேற்று அவன் துடைத்து வைத்த நாற்காலி.

வாசலில் பூட்ஸ் சத்தம். ஏட்டுதான். யாரானால் என்ன, ஒரு மனிதர் வந்தாரே என்று துரைப்பாண்டிக்கு உயிர் வந்தது. கூப்பிட வாயெடுத்தான்.

பூட்ஸ் நின்றது. பிறகு, தூங்கும் பிள்ளையை எழுப்புகிற குரலில் ஏட்டு பேசினார்.

"ஏலே குருசாமி."

அவர் குரல் இன்னும் தணிந்தது.

"அழாதலே. யாருன்னு மட்டும் சொல்லு."

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. தொப். தொப். இரண்டு பாதமும் ஒன்றாக.

வெயில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. துரைப்பாண்டி சுவரோடு ஒட்டினான். வேறு வாசல் கிடையாது.

திரைக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன. பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது.