வெறுந்தட்டில் எழுந்த முகடுகள்

12.03.2025, புதன்.
இன்று ஒரு பிழை விட்டேன். தட்டில் தூளை வைக்க மறந்து, வெறுந்தட்டையே இயந்திரத்துக்குள் வைத்து ஓட்டிவிட்டேன். இருபது நிமிடம் வீண்.

இவ்வளவையும் எழுதிவிட்டு வினோஜா பேனாவை மூடப் போனாள். மூட மனம் வரவில்லை. எழுதவேண்டியது இன்னொன்று இருந்தது. அதை எழுதினால் தன் கண்ணையே சந்தேகிக்கவேண்டி வரும்.

சண்டிலிப்பாயிலிருந்து உடுவிலுக்கு வாரத்தில் மூன்று பின்னேரம் அவள் ஸ்கூட்டியில் போய் வருகிறாள். பகலில் கிணற்றுத் தண்ணீரும் சீமெந்தும் சோதிக்கிற தனியார் ஆய்வுகூடம், ஐந்து மணிக்குப் பிறகு வகுப்பறையாகிவிடும். மேல்மாடி அறையில் ஒரு அலுமாரி அளவுக்கு நிற்பதுதான் எக்ஸ் கதிர் இயந்திரம். எந்தப் பொருளையும் மாவாக அரைத்து, சின்னத் தட்டில் பரப்பி உள்ளே வைத்தால், கதிர் அதில் பட்டுச் சிதறும். உப்பு ஒரு விதமாகச் சிதறும், சுண்ணாம்பு வேறு விதமாக. எந்தக் கோணத்தில் எவ்வளவு என்பது திரையில் முகடு முகடாக எழும். ஒரு பொருளின் முகடுகள் இன்னொன்றுக்கு வராது. வெறுந்தட்டு என்றால் ஒன்றுமே எழாது. கோடு மட்டமாகக் கிடக்கும்.

அன்றைக்கு அது மட்டமாகக் கிடக்கவில்லை. முப்பத்திரண்டு பாகைக்குக் கிட்ட, ஈரச் சுவரில் உப்புப் பூத்தது மாதிரி ஒரு மெல்லிய வீக்கம் இருந்தது. இது என்ன பொருள் என்று கணினியில் தேடினாள். எலும்பு என்று வந்தது.

அவள் ஓட்டுவதற்கு முன் றஞ்சித் ஓட்டியிருந்தான். குருநகர்ப் பெடியன், மீன் முள்ளைச் சூளையில் எரித்து, அது என்னவாக மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவனுடைய பயிற்சி. மாதிரியின் பெயர் எழுதுகிற கட்டத்திலும் அவன் பெயரே கிடந்தது. அதையும் மாற்ற மறந்திருந்தாள். வைகாசியில் அந்த ஆய்வுகூடத்தில் ஒரேயொரு உதவியாளர் வேலை வரவிருந்தது. வகுப்பை நடத்துகிற கேதீஸ்வரன் சேர் அதற்கு இரண்டு பேரைத்தான் மனதில் வைத்திருந்தார்: அவளும் றஞ்சித்தும். யாருடைய பதிவுகள் சுத்தமோ அவருக்கு வேலை. அப்பாவின் புகையிலைத் தோட்டம் இரண்டு போகம் பொய்த்த பிறகு, அந்த வேலையை நம்பித்தான் வினோஜா இரவில் கண்ணை மூடினாள்.

வெள்ளிக்கிழமை தட்டை இரண்டு தரம் மதுசாரத்தால் கழுவி, வேண்டுமென்றே வெறுமையாக வைத்து ஓட்டினாள். பெயரில்லாமல் இயந்திரம் ஓடாது. கட்டத்தில் 'றஞ்சித்' என்று எழுதினாள். யாரைப் பிடிக்க ஓட்டுகிறோமோ அவருடைய பெயர் இருக்கட்டும்.

முகடு உயர்ந்திருந்தது.

"உம்மடை முள்ளுத் தூளை என்ரை தட்டிலை போட்டனீரோ, றஞ்சித்?"

"நானோ? என்ரை தட்டு நீலப் பெட்டிக்கை கிடக்கு. ஏன், உமக்கு வெறுந்தட்டிலையும் மீன் பிடிபடுதோ? சொல்லும், நாளைக்குக் கரைவலையோடை வாறன்."

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான், வலது மணிக்கட்டை இடது கையால் பிசைந்துகொண்டே. "கை ஒரே உளைச்சல். புதன்கிழமை பின்னேரம் துடங்கினது."

பிழை செய்த கைதான் சும்மா இருக்காது என்று வினோஜா நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டாள். பிறகு மறுபடியும் நினைத்தாள்.

அவள் முறையிட்டபோது கேதீஸ்வரன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருக்காப் பாத்ததை வச்சு ஒருத்தன்ரை பேரைக் கெடுக்கேலாது, பிள்ளை. ஒரே தட்டு, ஒரே முறை, மூண்டு தரம். இண்டையான் ஓட்டத்தை ஒண்டெண்டு வையும். மூண்டும் ஒத்து வந்தால் நான் அவனைக் கூப்பிட்டுக் கதைக்கிறன்."

தட்டைப் பஞ்சில் சுற்றி வீட்டுக்கே கொண்டுபோனாள். சனியும் ஞாயிறும் அது அவளுடைய உடுப்பு அலுமாரிக்குள், சாவி போட்ட அறையில் இருந்தது. திங்கட்கிழமை அவளே கொண்டுவந்து, அவளே கழுவி, அவளே வைத்தாள். பெயர்க் கட்டத்தில் அதே 'றஞ்சித்'. குளிர்த் தண்ணீர் சுற்றும் குழாயின் இரைச்சலுக்கு நடுவே, இயந்திரத்தின் கை ஒரு பாகை ஒரு பாகையாக நகரும் 'டிக், டிக்' ஓசையை எண்ணிக்கொண்டு, கதவில் யாருடைய நிழலாவது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருபது நிமிடமும் இருந்தாள். யாரும் வரவில்லை. முகடு வெள்ளிக்கிழமையை விட இரண்டு மடங்கு எழுந்து நின்றது.

கீழே இறங்கியபோது வாசலில் றஞ்சித் நின்றான். வலது கை கழுத்திலிருந்து துணியில் தொங்கியது.

"என்ன நடந்தது?"

"தண்ணிப் போத்தல் தூக்கினனான். மடிஞ்சிட்டுது."

"முறிஞ்சதெண்டு சொல்லும்."

"முறியேல்லை, வினோஜா. மடிஞ்சது." இந்தத் தரம் அவன் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியிலை படம் எடுத்தவை. படத்திலை கை எலும்பு சரியா விழேல்லையாம். மிசினிலை ஏதோ பிழையாக்கும் எண்டு திரும்ப எடுத்தவை. அதிலையும் விழேல்லை. வந்து வார்ட்டிலை படுக்கச் சொல்லீனம்."

நல்ல நடிப்பு என்று மனதில் சொல்லிக்கொண்டாள். கட்டுப் போட்ட கையை யார் சந்தேகிப்பார்கள்?

வீட்டுக்கு வந்து, அவனுடைய மீன் முள் வரைபடத்தையும் தன்னுடைய வெறுந்தட்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் முகடுகள் ஒரே இடத்தில்தான். ஆனால் அவனுடையவை ஊசி மாதிரிக் கூர்மையானவை. எரித்த எலும்பு அப்படித்தான் இருக்கும். அவளுடையவை அகலமாக, மழுங்கிப்போய், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எரிக்காத எலும்பு. பழைய குறிப்புக்கொப்பியைப் புரட்டினாள். சேர் சொல்லிக்கொடுத்தது அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: அகலமான முகடு என்றால் பச்சை எலும்பு, உடம்பில் இருக்கிற நிலையில்.

அப்படியென்றால் அவன் பச்சை எலும்பு கொண்டுவந்திருக்கிறான். வேறென்ன இருக்கமுடியும்? வேறென்ன?

புதன் பின்னேரம். கீழே சேர் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மேல்மாடியில் அவள் மட்டும். தட்டைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி மின்னியது. வைத்தாள். கதவை மூடினாள். மாதிரியின் பெயர்: றஞ்சித். ஓட்டம்: மூன்று. இயந்திரம் முனகத் தொடங்கியதும், அவன் மெய்யாகவே ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறானா, இல்லை இந்தக் கட்டடத்தில் எங்காவது நிற்கிறானா என்று அறிய, அவனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எங்கை நிக்கிறீர்?"

"நிக்கிறதோ? கிடக்கிறன். வார்ட்டிலை."

"வீடியோவிலை வாரும், பாப்பம்."

"நம்பேல்லையோ? பொலிசும் உப்பிடி விசாரிக்காது." படம் வந்தது. பச்சைச் சுவர், இரும்புக் கட்டில், தலையணையில் அவன் முகம். பக்கத்தில் அவன் தங்கை ஸ்ரெல்லா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "வடிவாப் பாத்தீரோ? உம்மடை அலுமாரிக்குப் பின்னாலை ஒளிச்சு நிக்கேல்லை."

"பாத்தன்," என்றாள் வினோஜா. வைத்துவிடத்தான் நினைத்தாள்.

டிக். இருபத்தாறு பாகை. கோடு முதன்முதலாகத் தலை தூக்கியது.

"ஆ," என்றான் றஞ்சித்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. தாடை... ஒரு மாதிரி."

டிக். இருபத்தெட்டு. கோடு இன்னும் கொஞ்சம் எழுந்தது. தொலைபேசியில் அவன் கன்னம் தலையணைப் பக்கமாகச் சரிந்தது. முகம் திரும்பவில்லை. கன்னம் மட்டும் சரிந்தது.

திரையைப் பார்த்தாள். தொலைபேசியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

மாதிரி: றஞ்சித்.

டிக். முப்பது.

"வி... ஓஆ," என்றது அந்த வாய்.

ஸ்ரெல்லா தோடம்பழத்தைக் கீழே போட்டாள். "அண்ணை? அண்ணை, என்ன செய்யுது?"

நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் ஒரு சாண் தூரத்தில். அமத்தினால் ஓட்டம் செல்லாது. மூன்றாவது ஓட்டம். வைகாசி வேலை. இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? ஒரு தொடர்பும் இல்லை. இருக்கவே முடியாது. பெரிய முகடு வருவது முப்பத்திரண்டுக்குக் கிட்ட. அது எழுந்தால் போதும். இன்னும் இரண்டு பாகைதான்.

டிக்.

அவள் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது.

டிக்.

எழுந்தது. திரையின் மேல் விளிம்பைத் தொட்டது. எழுந்து, நின்று, மெல்ல இறங்கியது.

அதற்குப் பிறகு அமத்தினாள்.

குழாயின் இரைச்சல் நின்றது. கீழே யாரோ சிரிக்கும் சத்தம். கையிலிருந்த தொலைபேசியில் ஸ்ரெல்லாவின் மூச்சு.

"அக்கா, இஞ்சை பாருங்கோ. அக்கா, இஞ்சை பாருங்கோ."

கட்டிலின் ஓரத்தால் வழிந்து தொங்கிய அண்ணனின் இடது கையை, அந்த நல்ல கையை, ஸ்ரெல்லா உள்ளங்கையில் ஏந்தித் தூக்கினாள். கொடியில் போட்ட ஈரச்சேலை போல அது இரண்டு பக்கமும் தொங்கியது. அவள் அதை மடித்து அவன் நெஞ்சில் வைத்தாள். நெஞ்சு கீழே போனது. கையும் கூடவே போனது. தலையணையில் பரந்து கிடந்த முகத்தில் கண்கள் மட்டும் வட்டமாக, ஈரமாக, உயிரோடு, வினோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நேர்ஸ் அக்கா சொல்லுறா, மெத்தையிலை கிடத்தேலாதாம். உள்ளுக்கை இறங்கிறார். பலகை ஒண்டு வேணுமாம்," என்று ஸ்ரெல்லா அழுதாள். "எனக்குப் பலகை அடிக்கிற ஒருத்தரையும் தெரியாது. உங்கடை பக்கம் மரக்காலை இருக்கெல்லோ?"

"ஓம்," என்றாள் வினோஜா. "இருக்கு."

19.03.2025, புதன்.
மூன்று ஓட்டங்களும் ஒத்து வந்தன.
நாளை: காலை ஏழு மணிக்கு மரக்காலை. ஆறடிப் பலகை ஒன்று, இரண்டடி அகலம். வழிந்து விழாதபடி நாலு பக்கமும் விளிம்பு உயர்த்தி அடிக்கச் சொல்லவேண்டும்.