பெரிசும் சிறிசுமாய் ஒரு வாக்குமூலம்

பிணம் சிரித்துக் கொண்டிருந்தது... சுவரில் இருந்த பேனரில்.

தரையில் கிடந்த அசல் ஹோனோரியோ சிரிக்கும் நிலையில் இல்லை. பத்தங்காஸ் துறைமுகத்தை ஒட்டிய வார்டின் தலைவர். 'மக்களின் நாயகன்' என்று தனக்குத் தானே வழங்கிக் கொண்ட பித்தளைக் கேடயத்தால் பின்மண்டையில் ஒரே அடி.

போலீஸ் கர்னல் பொலிகார்பியோ துப்புத் துலக்கினார். அதாவது, வார்டு மக்களின் அரட்டைக் குழுவில் கேட்டார்.

'தலைவரைக் கொன்றது யார்? உடனே பதில் தேவை.'

ரோமன் எழுத்தில், அத்தனையும் கேபிடல். கர்னல் சின்ன எழுத்தில் எழுதி யாரும் பார்த்ததில்லை.

பதில் வந்தது.

'நான்தான் கொன்றேன், ஐயா.'

அனுப்பியவன் எர்னிங். தலைவரின் டிரைவர். நாற்பது வயது. இப்போது ஸ்டேஷனில், லெப்டினன்ட் லிகாயாவின் எதிரே குனிந்து அழுது கொண்டிருந்தான்.

"சாயங்காலம் பத்திரிகைக்காரங்க வர்றாங்க," என்றார் கர்னல். "வாக்குமூலம் இருக்கு. ஆள் இருக்கான். சட்டைக்குக் கஞ்சி போட்டாச்சு. இன்னும் என்ன?"

"சார்... அவர் எழுதியிருக்கிற விதத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அசிங்கமா இருக்கு."

"ஒரு எழுத்து கேபிடல், அடுத்தது சின்னது. மறுபடி கேபிடல், மறுபடி சின்னது. இது பழிப்புக் காட்டுறது சார். வாயைக் கோணிக்கிட்டு, 'ஆமா, நாந்தான் கொன்னேன்'னு இழுக்கிற மாதிரி. நெட்ல எல்லாரும் செய்றதுதான்."

"யாரைப் பழிக்கிறான்?"

லிகாயா குரலைத் தாழ்த்தினாள்.

"...உங்களைத்தான் சார்."

கர்னலின் மீசை ஒரு முறை துடித்தது.

"கேடயத்துல ரேகை?"

"துடைச்சிருக்கு. சாட்சியும் இல்ல. இந்த ஒரு வரிய வெச்சு இவரை உள்ள போட்டா ஆயுள் பூரா களிதான் சார். அப்புறம் எவனாவது பத்திரிகைல இது கிண்டல்னு எழுதினா... ஊரே உங்களைப் பாத்துச் சிரிக்கும்."

எர்னிங்கின் ஆயுள் கர்னலை அசைக்கவில்லை. ஊர் சிரிப்பது அசைத்தது.

"அவனை வெளிய அனுப்பு. ஆனா இவன்தான் கொன்னான்னு தெரிஞ்சா... உன் தோள்பட்டையில ஒண்ணும் மிஞ்சாது. புரியுதா?"

"புரியுது சார்."

அவர் போனதும் லிகாயா நாற்காலியை நெருக்கிப் போட்டாள்.

"அண்ணே, பயப்படாதீங்க. கர்னலைக் கிண்டல் பண்ணித்தானே எழுதினீங்க?"

எர்னிங் நிமிர்ந்தான். ஈரக் கண்கள் அவளைப் பார்த்தன. கதவைப் பார்த்தன. மறுபடி அவளை...

"...ஆமா மேம்," என்றான் மெல்ல. "கிண்டல்தான்."

தன் போனைத் திரும்ப வாங்கிக் கொண்டு, மூன்று முறை கும்பிடு போட்டுப் போனான்.

சிறிது நேரத்தில் லிகாயாவின் போன் சிணுங்கியது. எர்னிங்.

'ரொம்ப நன்றி மேம். கடவுள் உங்களைக் காப்பாத்தட்டும்.' அதே பெரிசும் சிறிசுமான கோணல் எழுத்து.

"குசும்பு போகல பாருங்க," என்று சார்ஜென்ட் டோடோங்கிடம் நீட்டினாள்.

டோடோங்குக்கும் எர்னிங் வயசுதான். பார்த்தார். சிரிக்கவில்லை.

"மேம்... பட்டன் போன் காலத்துல நாங்க எல்லாருமே இப்படித்தான் எழுதுவோம். ஸ்டைலுன்னு. என் பொண்டாட்டிக்குக் காதலைச் சொன்னதே இந்த எழுத்துலதான். அதுல கிண்டல் கிடையாது."

லிகாயா போனை வெடுக்கென்று திரும்ப வாங்கினாள்.

எர்னிங்கின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்தாள்.

மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து... கோணல். மாதாவுக்கு வேண்டுதல்... கோணல். அம்மா இறந்த அன்று எழுதிய அஞ்சலி... அதுவும் கோணல்.

அந்த மனிதனுக்கு வேறு மாதிரி எழுதவே தெரியாது.

"அப்போ அந்த வாக்குமூலம்..."

"மனசு உறுத்தி எழுதினது மேம். நீங்கதான் தப்பிக்க வழி சொல்லிக் குடுத்திருக்கீங்க."

துறைமுகத்துக்குப் போன் போட்டாள். மிண்டோரோ தீவுக்குப் போகும் படகு கிளம்பிவிட்டது. பயணிகளில் எர்னிங் உண்டு. அக்கரை ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிட்டு, கர்னலுக்கு உண்மையை எழுதி அனுப்பினாள்.

உடனே பதில்.

'பிரமாதம், லெப்டினன்ட். உன்னால் துறைக்கே பெருமை.'

கர்னல் வாழ்நாளில் முதல் முறையாகச் சின்ன எழுத்தையும் தொட்டிருந்தார்.

ஒன்று விட்டு ஒன்று.