பின்பலகையில் நாலாவது வரி

மழை விட்டபாடில்லை. மூன்று வாரமாக ஊரில் யார் வீட்டுத் துணியும் காயவில்லை. டிரையர் மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரமில்லை. அன்று பகல் பதினொரு மணிக்கு அவர் போய் நின்றது தெருக்கோடியில் இருந்த பழைய மாடி வீடு. அவருக்குத் தெரிந்த வீடுதான். அங்கிருந்த டிரையரை மூன்று தடவை பழுது பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் கதவைத் திறந்த அம்மா போன வருடம் காய்ச்சலில் போய்விட்டார்.

இப்போது திறந்தது வீட்டுக்காரரின் இரண்டாவது மனைவி. சின்ன வயது. தூங்கிப் பல நாளான கண்கள்.

"சில நாள் ஒழுங்கா ஓடுதுண்ணே. சில நாள் பட்டனை அமுக்கினா முனகுது, சுத்த மாட்டேங்குது. அவர் ரிப்பேர் பண்ணச் சொல்றார், நான் மாத்தணும்ங்கறேன். நீங்க சொல்றதுதான் முடிவுன்னு பேசி வெச்சிருக்கோம்."

துணி துவைக்கும் அறை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. ஒரே ஒரு சின்ன ஜன்னல். பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு. ஈரத்துணி வாடையும் சூடான பஞ்சுத்தூசி வாடையும் சேர்ந்து தொண்டையைப் பிடித்தன. டிரையரின் வட்டக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒல்லிக்குச்சி.

"அக்காவோட பொண்ணு," என்றாள் வீட்டுக்காரி, குரலைத் தாழ்த்தி. செத்துப்போனவளைத்தான் அக்கா என்றாள். "எந்நேரமும் இங்கதான். தலையை உள்ள விட்டுக்கிட்டுப் பேசறா. நான் கூப்பிட்டாத் திரும்பறதுகூட இல்லை. இது இருக்கிற வரைக்கும் இவ என்கிட்ட வர மாட்டாண்ணே."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மெக்கானிக் பாப்பாவைத் தாஜா பண்ணி எழுப்பி வாசற்படியில் உட்கார வைத்தார். முன்பக்கத்தைக் கழற்றிப் பெல்ட்டைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், ஹீட்டரைப் பார்த்தார். எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. பையிலிருந்த தன் துண்டை நனைத்துப் போட்டு ஓட்டினார். அவர் வழக்கம் அது. ஒரு சுற்று கண்ணெதிரே ஓடாமல் எந்த வீட்டை விட்டும் கிளம்ப மாட்டார். துண்டு மொறமொறவென்று காய்ந்து வந்தது. ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போடுங்கள் என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. முப்பது வருடத் தொழிலில் அவருக்கு இருந்த வீம்பு அது ஒன்றுதான்.

பின்பலகையின் உட்பக்கம் தேதி எழுத வேண்டியது பாக்கி. வந்த தேதியையும் பார்த்த வேலையையும் மார்க்கர் பேனாவால் அங்கே குறித்து வைப்பார். வேறு யாராவது திறந்தால் தெரியட்டும் என்று திருகாணித் தலைகளில் சிவப்புப் பெயிண்ட் பொட்டு வைப்பார். நான்கு பொட்டும் வைத்தபடியே இருந்தன. சுரண்டிவிட்டுத் திறந்தார்.

உள்ளே மூன்று வரி. அவர் கையெழுத்து.

கீழே நாலாவதாக ஒரு வரி.

‘மாத்தாதீங்க. புதுசுக்குத் தெரியாது.’

யார் எழுதியிருக்க முடியும் என்று யோசிக்கவே பயந்தார். ஸ்பிரிட் நனைத்த துணியால் அந்த வரியைப் பரபரவென்று துடைத்தார். அது லேசில் போகவில்லை.

"என்னண்ணே, மாத்திடலாமா?"

"மாத்திடுங்கம்மா," என்றார். வீம்பு போன இடம் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துப் புதுசு வந்தது. பொருத்துவதும் அவர் வேலைதான். தட்டிக் கழிக்கப் பார்த்தார், முடியவில்லை. பழையதை ஆட்கள் தூக்கிப்போகும்போது பாப்பா அழுது தீர்த்தாள். பிறகு சத்தமில்லை. மாடியில் கோபித்துக்கொண்டு படுத்திருப்பாள் என்றாள் சித்திக்காரி. சோதனை ஓட்டத்துக்கு ஈரப்போர்வை ஒன்றை உள்ளே திணித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மெக்கானிக் மெஷினுக்குப் பின்னால் குனிந்து காற்றுக்குழாயைப் பொருத்திவிட்டு முன்னால் வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. முழங்காலால் தள்ளி மூடினார். பட்டனை அமுக்கினார்.

விளக்கு எரிந்தது. டிரம் சுற்றவில்லை.

மறுபடி அமுக்கினார்.

மோட்டார் முனகியது. யாரோ இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருப்பது போல டிரம் நடுங்கியது, நகரவில்லை.

பெட்டி பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மெஷின். மூன்றாவது தடவையும் அமுக்கினார். அதே முனகல். அப்புறம்தான் அவருக்குக் கதவைத் திறக்கத் தோன்றியது.

போர்வைக்கு அடியில் ஒரு சின்னப் பாதம்.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். போர்வையை இழுத்தார். பாப்பா சுருண்டு படுத்தபடி அவரைப் பார்த்தாள். பயந்த முகமாகவே இல்லை.

"அம்மா பிடிச்சுக்கிட்டாங்க," என்று கிசுகிசுத்தாள். "பழையதுலயும் இப்படித்தான் பிடிச்சுப்பாங்க."

பழைய மெஷின் எந்தெந்த நாளில் நின்றது, ஏன் நின்றது என்பது அவருக்கு அந்த நிமிடம் விளங்கியது. துடைத்துப்போட்ட வரிக்கு அர்த்தமும் விளங்கியது. தன் முழங்காலைப் பார்த்தார். கதவைத் தள்ளி மூடியது அதுதான்.

ஓடி வந்த சித்தி பாப்பாவை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் பாக்கலையே, கண்ணு... நான் உள்ள பாக்கலையே," என்று அதையே சொல்லி அழுதாள். பாப்பா முதல் தடவையாக அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு அழுகையிலும் சித்தியின் முகம் மலர்ந்ததை மெக்கானிக் பார்த்தார். அவர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

பாப்பா சித்தியின் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"சித்தி."

"சொல்லுடா."

"அடுத்து உங்களை உள்ள வரச் சொல்றாங்க அம்மா. உங்களுக்குன்னா சுத்தறதைப் பிடிச்சுக்க மாட்டாங்களாம்."



திறந்த கதவுக்கு உள்ளே டிரம் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. வெளியே தொங்கிய போர்வை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. சித்தியின் முந்தானை அதில் சிக்கியிருந்தது.

மெக்கானிக் தன் கையைப் பார்த்தார். பிளக் அங்கேதான் இருந்தது.