காலியா?

பிரஸ்காரன் வழக்கம்போல், "காலியா?" என்று கத்தினான்.

"காலி" என்று பதில் வந்தது.

லிவரை இழுக்கப் போன கை அப்படியே நின்றது. பதில் சொல்ல வேண்டியவனை முந்தாநாள் சாயங்காலத்திலிருந்தே காணோம்.

பழைய வண்டிகளைப் பிரஸ்ஸில் நசுக்கி, கட்டுக் கட்டாக அடுக்கிவைக்கும் அந்த யார்டில் கறாரான முறை என்று ஒன்று உண்டென்றால் இதுதான். வண்டிக்குள் புகுந்து பேட்டரியையும் வயரையும் கழற்றுகிறவன், வெளியே வந்து "காலி" என்று சொன்ன பிறகே பிரஸ் இறங்கும். கழற்றுகிறவன் வேறு யாருமில்லை, பிரஸ்காரனுடைய தங்கை புருஷன். மாப்பிள்ளை என்கிற மரியாதையெல்லாம் போன மாதமே போய்விட்டது. கன்னம் வீங்கி வந்து நின்ற தங்கையைப் பார்த்ததும் யார்டுக்கு நடுவில் அவன் சட்டையைப் பிடித்து, "இன்னொரு தடவை அவ மேல கை வச்சே, காலி பண்ணிடுவேன்" என்று சொல்லிவிட்டான். அதற்கப்புறம் இருவருக்கும் நடுவில் மிஞ்சிய பேச்சே "காலியா", "காலி" மட்டும்தான்.

இப்போது சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான், ஓடுகாலிப் பயல். ஓடினவன் ஒழிந்தான் என்று இருக்கவும் தங்கைக்குத் தெரியவில்லை. நேற்றும் இன்றும் கேட்டில் வந்து நின்று, "அண்ணா, தகவல் ஏதாவது உண்டா?" என்கிறாள்.

மோட்டாரை அணைத்தான். மதியத்திலேயே மழை இருட்டு கட்டியிருந்தது. அடுக்கிவைத்த கட்டுகளுக்கு நடுவே போகப் போக, கருகிய ரப்பர் வாடையும், நனைந்து ஊறிய சீட்டுப் பஞ்சின் புளித்த நெடியும், எங்கேயோ ஆயில் சொட்டுச் சொட்டாகத் தகரத்தில் விழும் சத்தமும் சேர்ந்து அவன் மேலேயே வந்து அப்பிக்கொள்வதுபோல இருந்தது.

"டேய், வெளிய வாடா! அங்க உன் பொண்டாட்டி சோறு தண்ணி இல்லாம கெடக்குறா, உனக்குக் கண்ணாமூச்சி கேக்குதா?"

யாரும் வரவில்லை. ஆயில் சொட்டுவதும் நின்றுபோயிருந்தது.

"காலியா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

"காலி."

முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. பக்கத்தில்தான். மாப்பிள்ளையின் கீச்சுக் குரல், இன்னும் மெலிந்து, இடுக்கில் நசுங்கி வந்தது. எதிரே இருந்தது வெள்ளை வேன் கட்டு. முந்தாநாள் கடைசியாக நசுக்கியது.

அன்றைக்கும் கேட்டான். பதிலும் வந்தது. ஆனால் அது கீச்சுக் குரல் இல்லை என்று இப்போதுதான் உறைத்தது. கட்டைக் குரல். கோபத்தில் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளியின் அறைக்கு ஓடினான். "அன்னிக்கு வெள்ளை வேனுக்குக் காலின்னு சொன்னது யாருங்க?"

"நான்தான். நேரமாச்சுல்ல? யாராவது ஒருத்தர் சொல்லணும்" என்றார் முதலாளி, டீயை ஆற்றியபடி.

"உள்ள எட்டிப் பாத்தீங்களா?"

"அதுல என்னத்தப் பாக்குறது?"

"பாத்தியா, இல்லியா?" டீ டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. ஜென்மத்தில் முதல் தடவையாக முதலாளியை 'நீ' என்றான். அந்தக் கழுத்தை நெரிக்கத்தான் கை போனது.

"அண்ணா."

வாசலில் தங்கை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அழவில்லை. கட்டுகளின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கூப்பிடுறாரு."

கழுத்தை விட்டுவிட்டு அவன் ஓடுவதற்குள் அவள் வேன் கட்டின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். டன் கணக்கில் அழுத்தி மடித்த தகடு. அதன் மடிப்பு முனகியபடி விரிந்துகொண்டிருந்தது. உள்பக்கமிருந்து. ஒரு விரல் அகலம். அப்புறம் ஒரு கை அகலம். உள்ளே கும்மிருட்டு.

"கிட்ட போகாதே!"

"உசிரோட இருக்காரு அண்ணா!" கையை உள்ளே விட்டாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது. "கையப் புடிச்சிட்டாரு!"

அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு முகம் மாறியது.

"அண்ணா... விட மாட்டேங்குறாரு."

அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தான். மோட்டார் ஓடவில்லை. லிவர் பக்கம் ஒருவரும் இல்லை. தகடு மூடிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு. முழங்கை. அவள் அலறினாள். அவன் இழுத்தான். உள்ளே இருந்தவனும் இழுத்தான்.