இடது காலில் இரும்பு

"ஐயோ...!"

போஷெனா போட்ட அலறலில், ஒஸ்த்ரோவின் ஊர் ஸ்டேடியத்தின் தகரக் கூரை மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாய்க் கிளம்பின.

வண்டிக் கொட்டகையின் சிமெண்ட் தரையில் கஸ்பர் குப்புறக் கிடந்தான்.

இருபத்து நாலு வயசு. ஸ்பீட்வே பைக் ரேஸில் ஊரின் ஒரே நட்சத்திரம். காலரில் பச்சை, முதுகில் வெள்ளை... வெள்ளையாக இருந்த முதுகு இப்போது சிவப்பு!

அவன் தலைமாட்டில் அவனுடைய மோட்டார் சைக்கிள், ஸ்டாண்டில் ஏறி, பளபளவென்று நின்றது. எழுப்பினால் எழுந்து வந்து ஏறிக்கொள்வான் என்று காத்திருப்பது போல.

போஷெனாவின் கையிலிருந்த பேனர் நழுவியது.

'பாரோவை மண் தின்ன வை, கஸ்பர்!'

மத்தியானம் மேட்ச். பக்கத்து ஊர் பாரோவ் டீமோடு. வருஷம் முழுக்க ஒஸ்த்ரோவின் காத்திருக்கும் மேட்ச். ரசிகர் மன்றத்து செகரட்டரி என்ற முறையில் பேனர் கட்டத்தான் அவள் காலையிலேயே வந்தாள்.

முதலில் வீட்டுக்குத்தான் போன் போட்டாள். புருஷன் எட்மண்ட் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவன் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போய்விடுவான்.

அடுத்து போலீஸ்.

---

இன்ஸ்பெக்டர் ஸவாடா ஒல்லியாய், உயரமாய், தூக்கம் கெட்ட முகத்தோடு வந்தார். கஸ்பரைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். சட்டென்று தொப்பியைக் கழற்றினார்.

"ச்சே... இந்த ஜில்லாவுலயே வளைவுல வெளிப்பக்கமா போய் முந்துறதுக்கு இருந்த ஒரே பையன்!"

போஷெனா மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்கு ஸ்பீட்வே தெரியுமா சார்?"

"பொறந்து வளர்ந்தது பாரோவ்ல. தெரியாம இருக்குமா?"

அவள் முகம் இறுகியது.

"ஊர்ல வேற இன்ஸ்பெக்டரே இல்லையா?"

"ஞாயித்துக்கிழமை மேடம். நான்தான் கிடைச்சேன். பாரோவ்காரன் துப்புத் துலக்கக் கூடாதுன்னு சட்டம் ஏதாவது இருக்கா?"

"இருக்கணும்!"

ஸவாடா சிரிக்கவில்லை. பேனரை ஒரு தடவை படித்துவிட்டு, மடித்து ஓரமாய் வைத்தார்.

"பின்னாலேருந்து ஒரே அடி. கனமான இரும்பு ஏதோ. அடிச்சவன் அதைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டான். பூட்டு உடையல. கஸ்பரே கதவைத் திறந்து உள்ள விட்டிருக்கான்... தெரிஞ்ச ஆளு. விரோதின்னு யாராவது?"

"அவனுக்கா? சிரிச்சுக்கிட்டே கிடப்பான் சார். என் தலைமுடிச் சாயம் தீர்ந்து போச்சுன்னு கடையில நிக்கிறவங்க முன்னாலயே கத்துவான். வாராவாரம் ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் என் வீட்லதான் சாப்பாடு. ரெண்டு தட்டு சூப் குடிச்சிட்டு, 'அத்தை, இதுல உப்பு இல்ல, எஞ்சின் ஆயில் இருக்கு'ன்னுவான்..."



"பிள்ளைங்க?"

"எனக்கா? இல்ல. இவன்தான்."

ஸவாடா மோட்டார் சைக்கிளைச் சுற்றி வந்தார். எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"எஞ்சின் நல்லா இருக்கே. யாரு வேலை?"

"கொன்னவனத் தேடுறீங்களா, எஞ்சினைப் பாக்குறீங்களா?"

"ரெண்டும்தான். பழக்கதோஷம்."

அவளுக்கும் அதே தோஷம்தான். வாய் தானாகத் திறந்தது.

"எஞ்சின் எல்லாம் ரெண்டாம்பட்சம் சார். இப்ப உள்ள பசங்க தோத்துட்டா எஞ்சினைத் திட்றாங்க, டயரைத் திட்றாங்க, டிராக்ல தண்ணி தெளிச்சவனைத் திட்றாங்க. பிரேக் கிடையாது. கியர் ஒண்ணே ஒண்ணு. நாலு பேரு, நாலு சுத்து, ஒரு நிமிஷம். இதுல என்ன விஞ்ஞானம்? நெஞ்சு வேணும்! வளைவுல எல்லாரும் உள்பக்கம் ஒண்டுவாங்க. எம் பையன் வேலியை உரசிக்கிட்டு வெளிப்பக்கமா போவான். ஆக்சிலேட்டரைக் குறைக்கவே மாட்டான்!"

"அதனாலதான் போன வருஷம் தோள்பட்டை உடைஞ்சுது."

"உங்க ஊர்க்காரன் இடிச்சான். அதனால உடைஞ்சுது!"

"அது ரெஃப்ரி தப்பு. ரீப்ளே பாருங்க."

"நூறு தடவ பாத்தாச்சு!"

பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சண்டை போடுகிறோம் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.



ரேஸ் வண்டிகளுக்கு ஊற்றும் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த அந்தப் பழகிய வாசனை. சின்ன வயசிலிருந்து அவளுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமையின் வாசனை. இன்று அதில் ரத்தமும் சேர்ந்திருந்தது.

"சார்..." அவள் மெதுவாகச் சொன்னாள். "நேத்து ஒலெக் இவனோட சண்டை போட்டான்."

"யாரு ஒலெக்?"

"கஸ்பரோட மெக்கானிக். சாயங்காலம் டிக்கெட் கவுண்டர் வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. பாரோவ், பாரோவ்னு என்னமோ... 'உன்னைக் கொன்னாத்தான்டா உனக்குப் புத்தி வரும்'னு கத்தினான். என் காதால கேட்டேன்."

ஸவாடாவின் கண்கள் சுருங்கின.

---

ஒலெக்கை அவன் வீட்டுப் படுக்கையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். கொட்டகை வாசலில் போஷெனாவைப் பார்த்ததும் ஓவென்று அழுதான்.

"அத்தை! நீங்களா சொன்னீங்க? நானா... கஸ்பரையா? அவன் எஞ்சினைக் குழந்தை மாதிரி துடைச்சவன் நான்!"

"கொல்றேன்னு சொன்னியா இல்லையா?"

"கோவத்துல சொல்றதுதானே! அவன் என்ன முடிவு எடுத்தான்னு உங்களுக்குத் தெரியாது அத்தை..."

"தெரியும்டா. ஊரே பேசுது. அடுத்த வருஷம் பாரோவுக்குப் போறான். உன்ன விட்டுட்டுப் போறான். அதான கோவம்?"

ஒலெக் வாயைத் திறந்தான். அதற்குள் ஜீப்பின் கதவு சாத்தப்பட்டது.

மேட்ச் ரத்து. வாசலில் ஊர் சேர்ந்துவிட்டது. பச்சை வெள்ளை மப்ளர்கள். கம்பிக் கேட் அடியில் கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுவர்த்திகள். சாசேஜ் வாட்டுகிறவர் அடுப்பைப் பற்றவைக்காமலே தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பாரோவிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய ரசிகர்கள்கூட ஒரு வார்த்தை பேசாமல் தங்கள் மப்ளர்களைக் கழற்றி அதே கம்பியில் கட்டினார்கள்.

போஷெனாவுக்கு அது தாங்கவில்லை. அவர்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"மேடம்..." பின்னால் ஸவாடா. "ஒண்ணு இடிக்குது."

"என்ன?"

"பைக்கை வெளியவே எடுக்கல. எஞ்சின் ஜில்லுன்னு இருக்கு. ஹெல்மெட் ஆணியில தொங்குது. கையுறை பையில கிடக்கு. ஆனா இடது கால்ல மட்டும் இரும்பு ஷூ மாட்டியிருக்கான். வளைவுல காலை ஊன்றதுக்குப் போடுறது. ரேஸுக்கு அப்ப அரை நாள் இருந்துச்சு... அதை எதுக்கு இப்பவே மாட்டினான்?"

"இதுகூடத் தெரியாதா? என்ன பாரோவ்காரர் நீங்க!" சொல்லிக்கொடுக்கும் உற்சாகம் அந்த நிலையிலும் எட்டிப் பார்த்தது. "அடி தேஞ்சுதுன்னா புது இரும்பு வெச்சு வெல்டிங் பண்ணுவாங்க. பண்ணி வந்ததும் மாட்டி நடந்து பாக்கணும். கட்டைவிரல் பக்கம் இடிச்சா, கொண்டு வந்தவரே அங்கயே சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி..."

பாதியில் நிறுத்தினாள்.



"தட்டி?"

"தெ... தெரியல சார்."

"தெரிஞ்ச மாதிரிதானே சொன்னீங்க?"

"தலை சுத்துது. நான் வீட்டுக்குப் போறேன்."

நடந்தாள். பாதி வழியில் ஓடினாள்.

கஸ்பரின் இரும்பு ஷூவை நேற்று அவள் பார்த்தாள்! எங்கே? அவள் வீட்டு கராஜில்! எட்மண்ட் நீல வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு அதற்குப் புது அடி வைத்துக்கொண்டிருந்தான். ராத்திரி அவள் விளக்கை அணைக்கப் போனபோதும் அது பட்டறை மேஜை மேலேயே இருந்தது.

இன்று காலை அது கஸ்பரின் காலில் இருந்தது.

ஷூ தானாக நடந்து போகாது!

---

எட்மண்ட் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். அறுபது வயசு. அகலமான தோள். அடுப்பில் கோழி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மேஜையில் மூன்று தட்டு.

"மீன் கிடைச்சுதா?" வாசலிலேயே நின்று கேட்டாள்.

"இல்ல."

"மூணாவது தட்டு யாருக்கு?"

அவன் தட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பழக்கத்துல வெச்சுட்டேன்" என்றான்.

"எட்மண்ட்... ஷூவைக் கொண்டுபோய்க் குடுத்தது நீயா?"

கத்தி நின்றது.

"ஆமா."

"சுத்தியல் எங்க?"

"ஆத்துல."

அவ்வளவு சுலபமாகச் சொன்னான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏன்...?"

"உனக்குத் தெரியாதா?" அவன் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு நம்ம ஊர் டீமை விட்டு அந்த லூக்காஸ் பாரோவுக்குப் போனான். நீ என்ன ஆன? குளிர்காலம் முழுக்கப் படுக்கை. சாப்பிடல. பேசல. ஆஸ்பத்திரியில சேத்தேன். ராத்திரியெல்லாம் உன் பக்கத்துல உக்காந்து மூச்சு வருதா வருதான்னு பாத்தேன். அது லூக்காஸ்... வெறும் ரேஸ்காரன். இவன் உனக்குப் புள்ள. இவன் போனா நீ இருக்க மாட்டேன்னு தெரியும்."

"அதுக்கு?"

"கெஞ்சலாம்னுதான் போனேன். சத்தியமா கெஞ்சத்தான் போனேன். ஷூவை மாட்டிப் பாத்தான். கட்டைவிரல் பக்கம் இடிக்குதுன்னான். குனிஞ்சு தட்டினேன். அப்பதான் கேட்டேன், பாரோவுக்குப் போறியாமே தம்பி... போகாதடா, உங்க அத்தை தாங்க மாட்டான்னு. அவன்..."

"அவன்?"

"சிரிச்சான். 'போறேன் மாமா! அத்தைகிட்ட இப்ப சொல்லிடாதீங்க. மத்தியானம் மைக்ல நானே சொல்றேன், அவங்க மூஞ்சியப் பாக்கணும்'னான். சொல்லிட்டுத் திரும்பினான். சிரிப்பு நிக்கல. என் கையில சுத்தியல் இருந்துச்சு."

சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஸ்டேடியம் பக்கமே வரமாட்டியே நீ... அந்தச் சத்தமே பிடிக்காதுன்னுவியே!"

"எனக்கு ஸ்பீட்வே பிடிக்காது, போஷெனா. உன்னப் பிடிக்கும்."

அவள் அழவில்லை. அழ எதுவும் மிச்சமில்லை. கைநீட்டி அடுப்பை அணைத்தாள். அவ்வளவுதான் முடிந்தது.

"ஒலெக்கை ஜீப்ல ஏத்தினாங்க. நான்தான் ஏத்தி விட்டேன். நீ போய்ச் சொல்லிடு."

"சொல்றேன். கோட்டை எடுத்துக்கறேன்."

"எடுத்துக்குங்க. வெளிய குளிருது." வாசலில் ஸவாடா நின்றார்! தொப்பி கையில் இருந்தது. "ஊர்ல ஷூவுக்கு வெல்டிங் பண்றது யாருன்னு கேட்டேன் மேடம். மெழுகுவர்த்தி ஏத்தினவங்க எல்லாருமே ஒரே பேரைச் சொன்னாங்க."

எட்மண்ட் எழுந்து கைகளை நீட்டினான். ஸவாடா விலங்கை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்றாவது தட்டுக்கு முன்னால்.

"ஒலெக் இப்பதான் வாயைத் திறந்தான். சண்டை எதுக்குன்னு சொன்னான். நீங்க ரெண்டு பேரும் கேட்டுத்தான் ஆகணும்."

"அதான் தெரியுமே" என்றாள் போஷெனா. "பாரோவுக்குப் போறான்னு."

"போகலைன்னு!"

"என்னது?"

"எங்க கிளப் கூப்பிட்டது நிஜம். புது எஞ்சின், புது வண்டி, மெக்கானிக்குக்கும் வீடு. ஒலெக் துள்ளிக் குதிச்சிருக்கான். கஸ்பர் நேத்து சாயங்காலம் போன் பண்ணி, 'வரல, ஒஸ்த்ரோவின்லயே இருக்கேன்'னு சொல்லிட்டான். அதுக்குத்தான் ஒலெக் கத்தினான். இன்னிக்கு மைக்ல அதைத்தான் சொல்றதா இருந்தான். முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சா சுவாரசியம் போயிடும்னு ஊரெல்லாம் போறேன் போறேன்னு விளையாட்டு காட்டியிருக்கான்."

எட்மண்ட் நீட்டிய கைகளை மெல்ல இறக்கினான். 

போஷெனா அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். வெளியே தெருவில் யாரோ பச்சை வெள்ளைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

"ஏன் சார் போகல?" கிசுகிசுப்பாய்க் கேட்டாள்.

"பாரோவ்ல சூப் நல்லா இருக்காதாம்."

அப்போதுதான் அவள் அழுதாள்.

ஸவாடா எழுந்தார். எட்மண்டின் தோளைத் தொட்டார். கோட்டை அவரே மாட்டிவிட்டார். படியிறங்கும்போது எட்மண்ட் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் நிமிரவில்லை.

ஜீப் அருகில் எட்மண்ட் நின்றான். "எந்த ஜெயில் சார்?"

ஸவாடா கதவைத் திறந்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஜில்லாவுக்கு ஒரே ஜெயில்தான் பெரியவரே. ஆக, இந்த வருஷம் பாரோவுக்குப் போற ஒரே ஒஸ்த்ரோவின்காரர் நீங்கதான்... ஏறுங்க!"