ஆணித்துப்பாக்கி வைத்தியம்

செங்கரையில் காலை ஆறு மணிக்குச் சிறுநீர் அறிக்கை வாசிக்கப்படும்.

செவ்வாய்க் கிரகத்தில் அதில் யாருக்கும் வெட்கமில்லை. ஊரையே மூடியிருந்த குமிழ்க்கூரையான கவிகைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாழ்ந்தார்கள். புதிதாகத் தண்ணீர் என்று ஒன்று அங்கே வருவது கிடையாது. இருக்கிற தண்ணீரே எல்லோருடைய உடம்பு வழியாகவும் போய், நீர்மீட்பு நிலையத்தில் வடிந்து, மறுபடியும் குழாய்க்கு வரும். ஆகவே ஒருவருடைய சிறுநீர் அவருடைய சொந்த விஷயமல்ல, ஊர்ச்சொத்து. யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யாருக்கு உப்பு அதிகம் என்பதையெல்லாம் தோலுக்கடியில் பதித்த நாடிச்சில்லு எழுதி அனுப்ப, ஒலிபெருக்கி வரிசையாகப் படிக்கும். மக்கள் பல் துலக்கிக்கொண்டே கேட்பார்கள்.

ஆறு மாதமாக அந்த அறிக்கையில் தவறாமல் வந்த பெயர் இன்ஸ்பெக்டர் அருமைநாயகத்தினுடையது.

"அருமைநாயகம். இடது சிறுநீரகம். கல், ஏழு மில்லிமீட்டர். நேற்றுக் குடித்த தண்ணீர், கால் லிட்டர்."

செவ்வாயின் ஈர்ப்பு குறைவு. பூமியில் பிறந்த எலும்புகள் அங்கே தமக்கு வேலையில்லை என்று கண்டு சுண்ணாம்பைக் கரைத்து விடும். அது சிறுநீரகத்தில் போய்ச் சேர்ந்து கல்லாகும். நிறையத் தண்ணீர் குடித்தால் போதும், ஒன்றும் ஆகாது. அருமைநாயகம் குடிப்பதில்லை. அவர் நாசரேத்துக்காரர். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். குவளையைக் கையில் எடுத்ததும் காலையில் கேட்ட நானூற்றுப் பதினோரு பெயர்களும் அவருக்கு நினைவுக்கு வந்துவிடும். டீ என்றால் பரவாயில்லை, நிறம் தெரியாது. அதையும் நாளைக்கு ஒன்றுதான் குடிப்பார்.

"மூணு லிட்டர் தண்ணி, சார். மருந்துகூட வேண்டாம்" என்று டாக்டர் ஷமீமா சொல்லாத நாளில்லை.

"குடிக்கேன்மா" என்பார் அருமைநாயகம். குடிக்கமாட்டார்.

அதற்குப் பதிலாக மற்ற எல்லாவற்றையும் செய்தார். சுரங்க மேற்பார்வையாளர் சொன்னபடி பாசிப்பொடியைத் தேனில்லாமல் விழுங்கினார். டீக்கடை லில்லிபுஷ்பம் சொன்னபடி இடுப்பில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் நடந்தார். கைவிலங்குச் சாவியெல்லாம் அவர் மேல் வந்து ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். தலைகீழாக நின்றால் கல் வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காவல் நிலையத்துச் சுவரில் காலை வைத்துக்கொண்டு நின்றார். அந்த நிலையில்தான் செய்தி வந்தது.

சுடலைக்கண்ணு விடுதலையாகிவிட்டான்.

சுடலைக்கண்ணு மூன்று சரக்குக் கலங்களைக் கடத்தியவன். மூன்றாவதில் ஊருக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய டீத்தூள் இருந்தது. அந்த ஒரு வருடத்தைச் செங்கரை மக்கள் இன்னமும் பஞ்சகாலம் என்றுதான் குறிப்பிடுவார்கள். அருமைநாயகம்தான் அவனைப் பிடித்து, நாற்பது நாள் லாக்கப்பில் வைத்திருந்து, போபோஸ் நிலவுச் சிறைக்கு அனுப்பினார். ஒன்பது வருடம். இப்போது அவனிடமிருந்து மூன்று வரிச் செய்தி வந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை வருகிறேன். பகல் பன்னிரண்டு மணி, கடைத்தெரு. நீர் ஏன் சாகிறீர் என்று உமக்குத் தெரியும்."

அருமைநாயகத்துக்குத் தெரியும்.

அவர் துணைக்கு ஆள் தேடி வீடு வீடாகப் போனார். எல்லோரும் அன்பாக உட்கார வைத்தார்கள். சுரங்க மேற்பார்வையாளர், "வெள்ளிக்கிழமை எனக்கு ஷிப்ட் இருக்கே சார். ஆமா, பாசிப்பொடி எத்தனை வேளை போட்டீங்க? ரெண்டா? அதான் கேக்கலை" என்றார். லில்லிபுஷ்பம் கண் கலங்கினாள். ஆனாலும் காந்தத்தை வலப்பக்கம் மாற்றிக் கட்டச் சொல்லி அனுப்பினாள். நானூறு பேரில் ஒருவரும் வரவில்லை. வைத்தியம் சொல்லாமலும் ஒருவரும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கே கடைத்தெருவின் இரு பக்கமும் நாற்காலிகள் போட்டாயிற்று.

கவிகைக்குள் தோட்டாவால் சுடக்கூடாது. கூரையில் ஓட்டை விழுந்தால் சுட்டவனும் சேர்ந்து சாவான். அதனால் அங்கே சண்டை என்றால் ஆணித்துப்பாக்கிதான். சுரங்கத்தில் தகடு அடிக்கும் கருவி. பத்தடிக்குள் மனிதனைத் துளைக்கும், அதற்கு மேல் போனால் கீழே விழுந்துவிடும். எதிராளியின் முகத்தை நன்றாகப் பார்த்துத்தான் சுட முடியும்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சுடலைக்கண்ணு தெருவின் மேற்குக் கோடியில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. எதிரே காவல் நிலையக் கதவு திறந்தது. அருமைநாயகம் சீருடையில் வெளியே வந்தார். நேராக நடந்து வரத்தான் நினைத்தார். நாலாவது அடியில் கல் நகர்ந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். துப்பாக்கி கைநழுவி, செவ்வாயின் மெதுவான ஈர்ப்பில் சாவகாசமாகத் தரைக்கு இறங்கியது.

சுடலைக்கண்ணு பத்தடி தூரத்துக்கு வந்தான்.

"எழும்பும்வே. ஒம்பது வருசமா உம்மகிட்டப் பேச ஒரு பேச்சு வச்சிருக்கேன். அதைக் கேட்டுட்டுச் சாவும்."

"அய்யோ" என்றார் அருமைநாயகம்.

"என்னவே, கேக்கீரா இல்லையா? எங்கம்மை..."

"அய்யோ, அம்மா!"

சுடலைக்கண்ணுக்கு எரிச்சல் வந்தது. சிறையில் தினமும் சொல்லிப் பார்த்து, ஒரு சொல் கூட்டி ஒரு சொல் குறைத்து, செதுக்கி வைத்திருந்த பேச்சு அது. கேட்க வேண்டிய காது இப்போது கேட்கிற நிலையில் இல்லை. இப்படியே சுட்டால் இந்த மனிதன் கல்லால் செத்தவன்போலச் செத்துப்போவான். பழி வாங்கியதாகவே ஆகாது.

"தலைகீழா நிக்கச் சொல்லுங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். "காந்தம் எங்கே சார்?" என்றாள் லில்லிபுஷ்பம். பாசிப்பொடிக் கட்சியும் காந்தக் கட்சியும் அங்கேயே தகராறு செய்ய ஆரம்பித்தன.

"எல்லாரும் வாயை மூடுங்கல!" சுடலைக்கண்ணு துப்பாக்கியை அவர்கள் பக்கம் திருப்பினான். "இங்க டாக்டர் யாரு?"

ஷமீமா எழுந்து நின்றாள்.

"இதுக்கு என்ன வைத்தியம், டாக்டரம்மா?"

"தண்ணி. கல்லு கடைசி வளைவு வரைக்கும் இறங்கிடுச்சு. பொறுமையா மூணு லிட்டர் குடிச்சா வெளியே வந்துடும்."

"அவ்வளவுதானா?"

"ஆறு மாசமா அதைத்தான் சொல்றேன்."

சுடலைக்கண்ணு இன்ஸ்பெக்டரை ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். செவ்வாயில் அது பெரிய காரியமில்லை. காவல் நிலையத்துக்குள் போய்க் கதவைத் தாழிட்டான். வேடிக்கை போய்விட்டதே என்று வெளியே ஒரே முணுமுணுப்பு.

உள்ளே நாற்காலியில் உட்கார வைத்து, குழாயில் குவளையை நிரப்பி, ஒரு கையில் அதையும் மறு கையில் துப்பாக்கியையும் நீட்டினான்.

"குடியும்."

"அதுல... ஊர்க்காரங்க எல்லாரோட..."

"குடியும்வே!"

அருமைநாயகம் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். உண்மையில் அதற்கு ஒரு ருசியும் இல்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இப்படி அரை மணிக்கு ஒரு குவளையாக நேரம் போயிற்று. நாலு மணிக்கு வலி சற்றே விட்டது. சுடலைக்கண்ணு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இப்பக் காது கேக்கா?"

"கேக்கு."

தயார் செய்து வைத்திருந்த பேச்சு முழுக்க அவனுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு கேள்விதான் மிஞ்சியிருந்தது.

"எங்கம்மை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில கெடக்கான்னு தகவல் வந்துச்சு. அஞ்சு நிமிசம் பேச விடும்னு இந்தக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு உம்மைக் கெஞ்சுனேன். சட்டத்துல இடமில்லைன்னீரு. ரெண்டாம் நாள் அவ போயிட்டா. ஜெயில்ல இருந்த சட்டப் புத்தகம் பூராவும் படிச்சேன்வே. அப்படி ஒரு சட்டமே இல்லையே. ஏன் விடல?"

அருமைநாயகம் குவளையை மேசைமேல் வைத்தார்.

"அதுக்கு ஒரு படிவம் உண்டு" என்றார். "பதினோரு பக்கம். நீ கேக்கும்போது மணி அஞ்சு நாப்பது. ஆறு மணிக்கு என் டூட்டி முடியுது. அன்னைக்குக் கேரம் போட்டி இருந்துச்சு."

"கேரமா?"

"ஆமா."

"ஜெயிச்சீரா?"

"முதல் சுத்துலயே தோத்துட்டேன்."

துப்பாக்கி வெடித்தது. அருமைநாயகத்தின் காதை உரசிக்கொண்டு போன ஆணி பின்சுவரில் இறங்கியது. வெளியே கூட்டம் எழுந்து நின்றது. அறைக்குள் இருவரும் அசையவில்லை. அருமைநாயகம் அடுத்த ஆணிக்காகக் காத்திருந்தார். ஒன்பது வருடமாக மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டதால், பயத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

சுடலைக்கண்ணு குவளையை மறுபடியும் நிரப்பினான்.

"அந்தப் படிவம் இருக்கா?"

"இருக்கு."

"எழுதும்."

"இப்ப எதுக்கு..."

"எழுதும்வே."

அருமைநாயகம் அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்து எழுதினார். கைதியின் பெயர். பேச விரும்பும் நபர்: இசக்கியம்மாள். உறவு: தாய். தொலைவு: ஒரு சொல் போய்ச் சேரப் பதினான்கு நிமிடம். பக்கத்துக்கு ஒரு குவளை குடித்தார். ஒன்பதாம் பக்கத்தில், 'பேச விரும்பும் செய்தியை முழுமையாக எழுதுக' என்றிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

சுடலைக்கண்ணு சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் ஏதும் செய்யலைன்னு எழுதாதேயும். செஞ்சேன்னு அவளுக்குத் தெரியும். கால் வீக்கம் வத்திட்டான்னு கேட்டு எழுதும். தைலத்தைச் சுட வச்சுத் தேய்க்கச் சொல்லும். இங்க சோறு நல்லாப் போடுதாங்கன்னு எழுதும்."

"போட்டோமா?"

"இல்ல. இருந்தாலும் எழுதும்."

அருமைநாயகம் எழுதினார். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒருமுறை பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. பதினோராம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தும்போது மணி ஐந்து ஐம்பது. சுடலைக்கண்ணு தாள்களை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"என்னை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டார் அருமைநாயகம்.

"இல்ல" என்றான் அவன். "குடியும்."

அந்தக் குவளை பாதி முடியும் முன்பே அருமைநாயகம் எழுந்து கழிப்பறைக்கு ஓடினார். அங்கிருந்து வந்த அலறல் கவிகையின் கடைசி மூலை வரை கேட்டது. கதை முடிந்தது என்று லில்லிபுஷ்பம் கடையை இழுத்து மூடினாள். மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றினார். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"அருமைநாயகம். கல் வெளியேறியது. நலம்."

ஊரே எழுந்து கைதட்டியது.

இன்ஸ்பெக்டர் வழக்கு எதுவும் பதியவில்லை. அடுத்த கலம் வர இரண்டு மாதம் இருந்ததால் சுடலைக்கண்ணு தெருக்கோடியில் காலியாக இருந்த ஓர் அறையில் தங்கினான். மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஏழு பேர்.

"என்ன வேணும்?"

"எனக்குச் சர்க்கரைங்க" என்றார் முன்னால் நின்றவர். "டாக்டர் தினம் நடக்கச் சொல்றாங்க. நீங்க கொஞ்சம் அந்தத் துப்பாக்கியை..."

அவன் துரத்தினான். அவர்கள் போகவில்லை. தொல்லை பொறுக்காமல் ஒருநாள் துப்பாக்கியை எடுத்து, "நடங்கல!" என்று கத்தினான். ஏழு பேரும் கவிகையை மூன்று முறை சுற்றி வந்தார்கள். ஒரு வாரத்தில் வரிசை காவல் நிலையம் வரை நீண்டது. அருமைநாயகமே வந்து கயிறு கட்டி ஒழுங்குபடுத்தினார். மாத்திரையை விழுங்காதவர்களும் உப்பைக் குறைக்காதவர்களும் வந்து நின்று ஆணித்துப்பாக்கிக்கு முன்னால் விழுங்கினார்கள், குறைத்தார்கள். அவனுக்குக் கைராசி என்று பேச்சு பரவியது. துப்பாக்கியில் ஆணியே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாருடைய நம்பிக்கையும் குறைந்ததாகத் தெரியவில்லை.

டாக்டர் ஷமீமாவின் மருத்துவமனையில் ஈ ஆடவில்லை. செவ்வாயில் ஈ கிடையாது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் அது வெறிச்சோடித்தான் கிடந்தது.

மூன்றாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வரிசை கலைந்த பிறகு அவள் வந்தாள். விறுவிறுவென்று உள்ளே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"துப்பாக்கிக்கா, வைத்தியத்துக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும் இல்ல டாக்டரம்மா. நீங்க சொன்னதைத்தான் நான் சொல்லுதேன். வேற ஒரு வார்த்தைகூடச் சேக்கல. ஏன் உங்ககிட்டக் கேக்கமாட்டேங்காங்கன்னு எனக்கும் விளங்கல."

ஷமீமா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு நோயாளிகளுக்காகப் போட்டிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். வாசலில் யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"என்ன செய்யுது?" என்றான் சுடலைக்கண்ணு, குரலைத் தணித்து.

"பிரஷர். நாலு வருஷமா."

"மாத்திரை?"

"இருக்கு. நானே எனக்கு எழுதிக்கிட்டதுதான்." அவள் கைப்பையைத் திறந்து உறை பிரிக்காத அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அவன் பெருமூச்சு விட்டு, மேசை இழுப்பறையிலிருந்து துப்பாக்கியை எடுத்தான்.